சம்மாட்டி வாடியில் நான் படித்த அம்பா

1

இமாத், ஸஹ்லா, இரண்டு பேரும் இதைக் கேளுங்கள். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் உம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவ இடையில் நிறுத்தப் பார்ப்பா. நிறுத்த விடாதீர்கள்.

இமாதின் போனில் ஒரு வீடியோ இருக்கிறது. அதில் நான் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்தபடி பாட்டுப் படிக்கிறேன். பின்னால் ஆட்கள் கை தட்டுகிறார்கள். ஸஹ்லாவின் சிரிப்புச் சத்தமும் கேட்கிறது. அதை நீங்கள் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. போன வியாழக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வந்தேன் அல்லவா, இமாதின் ஆசிரியை கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு அந்த வீடியோவைப் பற்றித்தான் பேசினார். உங்கள் நாட்டுச் சந்தோஷப் பாட்டு மிகவும் நன்றாக இருக்கிறது, நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சியான மனிதர் என்றார். நான் தேங்க்யூ சொன்னேன். பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் பதில் தெரியாத இடத்திலெல்லாம் நான் சொல்வது அதுதான்.

அது சந்தோஷப் பாட்டு இல்லை. பெருநாள் மூன்றாம் நாள் காலையில், கல்பிட்டிக் கரையில், நூறு பேர் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு மனிதனைப் பழிவாங்கினேன். என்னத்துக்கு என்று உங்களுக்குத் தெரியவேண்டும். ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கும் தெரியவேண்டும். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியவேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பஸ் கழுவுகிற டிப்போவில் பேசுகிற இங்கிலீஷ்தான் என்னிடம் இருக்கிறது. அந்த இங்கிலீஷில் இதைச் சொல்ல முடியாது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

2

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போக லீவு கேட்டபோது பள்ளிக்கூடம் ஒரு படிவம் தந்தது. பயணத்தின் காரணம் என்று ஒரு கட்டம், அதில் இரண்டு வரிக்குத்தான் இடம். "குடும்ப விசேஷம்" என்று இமாத்தான் எழுதினான். மூன்று நாள் கழித்துக் கடிதம் வந்தது. காரணம் போதாது, மேலதிக விளக்கம் தேவை என்று. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கடைசியில் "என் தகப்பனாரின் ஊர்" என்று எழுதச் சொன்னேன். அதற்கு லீவு கிடைத்தது.

தில்லையடியில் என் உம்மாவின் தங்கச்சி, சாச்சி வீட்டில் தங்கினோம். பெருநாள் அன்றும் மறுநாளும் வட்டிலப்பமும் பிரியாணியும் என்று போனது. பிள்ளைகள் நீங்கள் சலித்துப்போனீர்கள். சாச்சிதான் சொன்னா, கல்பிட்டிப் பக்கம் கடற்கரையோடு புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை வந்திருக்கிறது, காலைச் சாப்பாட்டோடு கரைவலை இழுக்கிற மாதிரி நாடகம் எல்லாம் காட்டுகிறார்கள், கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நல்லம் என்று. யாருடைய கடை என்று கேட்டேன்.

"ஹமீது சம்மாட்டிட மகன் நஸீர்ட."

உங்கள் உம்மா உடனே என் முகத்தைப் பார்த்தா. அவவுக்குப் பாதிக் கதை தெரியும். வேண்டாம், எலுவன்குளத்துப் பக்கம் போவோம், குளத்தில் குளிக்கலாம், காடு பார்க்கலாம் என்றா. நான்தான் பிடிவாதமாக அங்கேதான் போவோம் என்றேன்.

என் மனதில் அப்போது இருந்தது சின்னக் கணக்குத்தான். நான் கதிரையில் இருப்பேன், நஸீரின் ஆட்கள் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். முடிந்தால் நஸீரே கொண்டுவந்து வைக்கவேண்டும். நான் அதைக் குடிக்காமல் ஆறவிட்டு எழும்பி வரவேண்டும். அவ்வளவுதான். மனிசனுக்குப் பழி என்று ஒன்று உள்ளே கிடந்தால் அது இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் யோசிக்கும்.

பாலாவியைத் தாண்டும்போது ஸஹ்லா, நீ வாடகை வானின் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "வாப்பா, ஸ்னோ இருக்கிறார்" என்றாய். எல்லாவற்றுக்கும் மரியாதை கொடுத்துப் பேசுகிற உன் தமிழ் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது பனி இல்லை, மகள். அது உப்பு. அந்த உப்புக்குள்தான் என் வாப்பா கடைசிப் பதினாறு வருடம் நின்றார்.

3

உங்களுக்கு அவர் அப்பா, வாப்பாவின் வாப்பாவை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நீங்கள் கண்டதில்லை. எனக்கு அவர் வாப்பா. உப்பளத்துக்குப் போவதற்கு முன் அவர் கரைவலை இழுத்தவர்.

கரைவலை என்றால் என்ன என்று அன்றைக்குப் பார்த்தீர்கள். தோணியில் போய்க் கடலைச் சுற்றி வலையை வளைத்துவிட்டு வருவார்கள். பிறகு கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். வலை வைத்திருக்கிறவர்தான் சம்மாட்டி. இழுக்கிறவர்களுக்குக் கூலி, அதற்கு மேல் ஆளுக்கு ஒரு கை மீன், வீட்டுக் கறிக்கு. அந்த ஒரு கை மீனை யாரிடமும் கேட்டு எடுக்கத் தேவையில்லை. அது கயிற்றைப் பிடித்த கையின் உரிமை. அப்படித்தான் எங்கள் கரை இருந்தது.

இன்னொரு உரிமையும் இருந்தது. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். இழுக்கும்போது ஒருவர் அம்பா படிப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று எடுப்பார்கள். அந்த அம்பாவில் சம்மாட்டியை எப்படியும் நக்கலடிக்கலாம். அவரின் தொந்தியை, கஞ்சத்தனத்தை, மருமகனை, எதையும். சம்மாட்டி கோபப்படக் கூடாது. மடி, அதாவது வலையில் மீன் சேருகிற பை, கரைக்கு வந்து சேரும் வரை பாடுகிறவனின் கையிலிருந்து யாரும் கயிற்றைப் பறிக்கவும் கூடாது, அவன் வாயை மூடவும் கூடாது. கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். நின்றுதான் கேட்பார்கள். பேர் மட்டும் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் எல்லை.

எங்கள் வாப்பா அம்பா படிக்கிறவர். ஹமீது சம்மாட்டியின் வலையில் முன் கயிறு அவருடையது.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஒருநாள் மடியில் பெரிய பாரை மீன் ஒன்று வந்தது, ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்குகிற அளவு. சம்மாட்டி அதைத் தன் மகளின் சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குச் சமைக்கவேண்டும் என்று வாடிக்குள் தனியாக வைத்தார். வாடி என்றால் கரையில் வலையும் சாமானும் வைக்கிற ஓலைக் கொட்டில். அரை மணித்தியாலத்தில் பாரையைக் காணவில்லை.

தேடினார்கள். வாப்பா உடுத்திருந்த சாரத்து மடிப்பில் நாலு சூடை மீன் இருந்தது. எங்கள் வீட்டுக் கறிக்கு. அதைப் பார்த்ததும் சம்மாட்டி, சின்னதை எடுத்தவன்தான் பெரியதையும் எடுத்திருப்பான் என்றார். அது உரிமை மீன் என்று அந்தக் கரையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நாலு சூடையையும் ஒரு கயிற்றில் கோத்து வாப்பாவின் கழுத்தில் போட்டு, வலை காயப்போடுகிற கம்போடு மதிய லுஹர் பாங்கு சொல்லும் வரை நிற்க வைத்தார்கள். மூன்று முறை "இனிக் களவெடுக்க மாட்டேன்" என்று சொல்லச் சொன்னார்கள். வாப்பா சொன்னார். அம்பா படிக்கிற அந்தக் குரலில் சொல்லவில்லை. எனக்கு வேறு யாரோ சொல்வது போல் கேட்டது.

அதற்குப் பிறகு எந்தச் சம்மாட்டியும் அவரைக் கயிற்றில் சேர்க்கவில்லை. நாங்கள் பாலாவிக்குப் போனோம். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவருடைய கால் விரல்களுக்கு நடுவே வெடித்துப் புண்ணாகும். வெயிலுக்கு வெள்ளைப் பாத்தியைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போனது. அவர் மவுத்தானபோது என் விசா விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட்டும் இந்த நாட்டு அலுவலகத்தில் இருந்தது. அவரை அடக்கிய ஜனாஸாவுக்கு நான் போகவில்லை. பிறகு குடியுரிமைப் படிவத்தில் தகப்பன் தொழில் என்று கேட்டிருந்தது. உப்பளத் தொழிலாளி என்று எழுதினேன். ஸஹ்லாவின் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொன்னபோதும் அதையேதான் சொல்லிக் கொடுத்தேன். வலை என்ற சொல்லை நான் இந்த நாட்டில் ஒரு தரமும் சொன்னதில்லை.

பாரையை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். சம்மாட்டியின் மகன் நஸீர். அவனுக்கு அப்போது பதினாலு. சிலாபத்துப் பக்கமிருந்து சைக்கிளில் பெட்டி கட்டி வரும் சிங்கள மீன்காரர் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்த டோர்ச் லைட்டை வாங்கினான். வாடிக்குப் பின்னால் நான் ஒன்றுக்கு இருக்கப் போனேன், கண்டேன். அவனும் என்னைக் கண்டான். சட்டைப் பையிலிருந்து இரண்டு டொபி எடுத்து என் கையில் வைத்தான்.

நான் இரண்டையும் தின்றேன். ஒன்றை அங்கேயே. மற்றதை வாப்பா கம்போடு நிற்கும்போது.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் பிறகு நஸீர் கேட்ட கேள்வியையும் எழுத முடியாமல் போய்விடும்.

4

வாசலில் மூன்று பாஷையிலும் "சம்மாட்டி வாடி" என்று பலகை. உள்ளே மணல் தரை, ஓலைக் கூரை, கூரையில் பழைய வலை, கண்ணாடி மிதவைகளுக்குள் பல்பு. பணம் கட்டுகிற இடத்தில் இருந்த பிள்ளை என்னிடம் தமிழில் கேட்டது, "சேர், நீங்க லோக்கலா வெளிநாடா?" வெளிநாட்டுக்காரருக்கு வேறு விலை. நான் பேசுகிற தமிழைக் கேட்டுவிட்டும் அப்படிக் கேட்டது. பாஸ்போர்ட்டைக் காட்டினேன். வெளிநாடு என்று ஒரு நீலப் பட்டியைக் கையில் கட்டிவிட்டது. என் சொந்தக் கரையில் நான் நீலப் பட்டி. சரி, அதுவும் நல்லதற்கு என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கும் என்னைத் தெரியாது.

சுவரில் ஹமீது சம்மாட்டியின் பெரிய படம் தொங்கியது. கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. இமாத் வாசித்துச் சொன்னான், கடலின் நீதிமான் என்று. என் பல் அரைபடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

தகரத் தட்டில் பாணும் கட்டச் சம்பலும், இடியப்பமும் மீன் சொதியும், வெள்ளைக்காரருக்கு பான்கேக்கும் வந்தன. வலைகாரர் காலைச் சாப்பாடு என்று அதற்குப் பெயர். நாங்கள் கரையில் சாப்பிட்டது காய்ந்த பாணும் சீனி கடித்துக் குடிக்கிற பிளேன்டீயும்தான். நீங்கள் நன்றாகச் சாப்பிட்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பசிக்குச் சாப்பிட்டீர்கள்.

பிறகு மேளம் கேட்டது. ஒரே நிறச் சாரம் கட்டின பத்துப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒன்பது பேர் வாலிபர். கடைசி ஆள் கிழவர். மஜீது காக்கா. வாப்பாவோடு அதே கயிற்றில் இழுத்தவர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

கோட்டுப் போட்ட ஒரு பொடியன் மைக்கில் மூன்று பாஷையிலும் பேசினான். வலை வரும் வரைக்கும் இந்தக் கரையின் உண்மைக் கதை ஒன்றைச் சொல்கிறேன் என்றான். முன்னொரு காலத்தில் ஒரு மீன் கள்ளன் இருந்தானாம். பெரிய பாரையைத் தூக்கினானாம். பொலிசுக்குக் கொடுக்காமல், அடிக்காமல், சம்மாட்டி இரக்கப்பட்டு அவன் கழுத்தில் மீனை மாத்திரம் தொங்கவிட்டுப் புத்தி சொன்னாராம். கள்ளன் திருந்தி, சாகும் வரை சம்மாட்டியை வாழ்த்தினானாம். இப்போது கள்ளனாக நடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டான்.

ஸஹ்லா, நீதான் முதலில் கை தூக்கினாய்.

5

நான் எழும்ப முன் நீ ஓடிவிட்டாய். உம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டா. "பேசாம இரிங்க, புள்ளைக்கு ஒண்டும் தெரியா" என்றா.

ரப்பரில் செய்த பெரிய பாரை. அதைக் கயிற்றில் கட்டி உன் கழுத்தில் போட்டவர் மஜீது காக்கா. நீ சிரித்தாய், குனிந்து எல்லோருக்கும் சலாம் போட்டாய். இமாத் வீடியோ எடுத்தான். உன் காது இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அதைப் பற்றி நீ அழுவாய், நான் அழகு என்று சொல்வேன். அது வாப்பாவின் காது. கழுத்தில் மீனோடு அந்தக் காதைப் பார்த்தபோது எனக்கு மேளம், கடல், ஒன்றும் கேட்கவில்லை.

பொடியன் மைக்கை உன் வாயருகே வைத்து, மூன்று தரம் சொல்லச் சொன்னான். நீ சொன்னாய்.

"நான் இனிக் களவெடுக்க மாட்டேன்."

இரண்டு வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு பிழையும் இல்லாமல் நீ சொன்ன முதல் முழு வசனம் அதுதான், மகள். வெளிநாட்டுப் பிள்ளை எவ்வளவு வடிவாகத் தமிழ் பேசுகிறது என்று பக்கத்து மேசையில் ஒரு பெண் சொன்னா. எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போதுதான் நஸீர் உள்ளிருந்து வந்தான். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, நல்ல தோற்றம். உன் தலையைத் தடவினான்.

என்னுடைய ஆறவிட்ட தேத்தண்ணீர்க் கணக்கு அந்த இடத்தில் முடிந்தது.

6

வலை இழுக்க விருந்தாளிகளும் வரலாம் என்று பொடியன் கூப்பிட்டான். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனேன். கொழும்புக்காரர் சிலரும் இரண்டு வெள்ளைக்காரரும் ஏற்கெனவே பிடித்திருந்தார்கள். நான் நேரே முன்னுக்குப் போய் முன் கயிற்றைப் பிடித்தேன். கயிற்றை இடுப்பில் எப்படிக் கொடுக்கவேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. மஜீது காக்கா அதைக் கண்டார். கண்டதும் அவருடைய முகம் மாறியது.

வாலிபர்கள் அம்பா என்ற பேரில் ஏதோ சினிமா மெட்டுப் படித்தார்கள். நான் அதற்கு மேலால் குரலை எடுத்தேன். இமாதின் வீடியோவில் முதல் வரி இல்லை, அவன் பிறகுதான் கமராவைத் திருப்பினான். ஆகவே முழுவதையும் எழுதுகிறேன்:

பட்டப் பகல்ல பாரை போச்சு — ஏலேலோ
பாவப்பட்டவன் கழுத்துல ஆச்சு — ஏலேலோ
சைக்கிள்ல வந்தவன் வாங்கிப் போனான் — ஏலேலோ
சம்மாட்டி மகன்தான் தூக்கிக் குடுத்தான் — ஏலேலோ

நான் ஒரு வரி படிக்க, அந்தப் பத்துப் பேரும் ஏலேலோ என்றார்கள். பழக்கம் அது. என்ன படிக்கிறான் என்று யோசிக்க முன் வாய் எடுத்துவிடும். வெள்ளைக்காரர் கை தட்டினார்கள். நீங்கள் இரண்டு பேரும் குதித்தீர்கள். ஆனால் கொழும்புக்காரர் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பி நஸீரைப் பார்த்தார். தில்லையடியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் சாப்பாட்டை நிறுத்திவிட்டது.

நஸீர் மைக் பிடித்த பொடியனிடம் கையைக் காட்டினான், பாட்டை நிறுத்து என்று. பொடியன் என்னிடம் வந்தான். மஜீது காக்கா கயிற்றை விடாமல், அவனைப் பார்க்காமல் சொன்னார்.

"மடி வந்து சேரல்ல, தம்பி. தள்ளி நில்லு."

பொடியன் நின்றுவிட்டான். நஸீரும் நின்றான். சம்மாட்டி வாடி என்று பலகை போட்டால் சம்மாட்டி மாதிரி நிற்கத்தான் வேண்டும். நான் மெதுவாக இழுத்தேன். வேண்டுமென்றே மெதுவாக. மடி வர நேரம் எடுக்கவேண்டும் என்று.

டோர்ச்சு லைட்டுக்கு மீனக் குடுத்தாய் — ஏலேலோ
டொபி ரெண்டால என் வாய அடைச்சாய் — ஏலேலோ
வாப்பா உப்புல வெந்து போனார் — ஏலேலோ
வாடி கட்டி நீ கதையா வித்தாய் — ஏலேலோ

டோர்ச் லைட் என்றதும் அவனுக்கு விளங்கிவிட்டது. அந்த முகம் கழன்று விழுந்ததை நான் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், பிள்ளைகள், நான் கண்ட கடல், காடு, நாடு எல்லாவற்றையும் விட அந்த முகத்தைப் பார்த்தது எனக்கு இனிப்பாக இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. பேர் சொல்லக் கூடாது என்பது எல்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவனை, அண்ணன் முறைக்கு நானா என்று கூட இல்லாமல், பேரைச் சொல்லிப் படித்தேன்:

கள்ளன் பேரு நஸீர் எண்டு சொல்லு

கயிறு நின்றது. வாலிபர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்பளம் தருகிறவன் அவன். எதிரே நிற்கிறான். அன்றைக்கு வாப்பாவின் கழுத்தில் கயிறு விழுந்தபோது கரை எப்படி மௌனமாக இருந்ததோ அதே மாதிரி இருந்தது. என் வாப்பாவுக்கு நடந்ததே எனக்கும் நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது, தனியாக.

"ஏலேலோ."

அந்த ஒன்றுக்குப் பிறகு வாலிபர்களில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். பிறகு எல்லோரும். மடி கரைக்கு வந்தது. உள்ளே காலையில் சந்தையில் வாங்கி முடிந்துவைத்த பத்துக் கிலோ மீன்.

7

நான் திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். ஸஹ்லா, கழுத்தில் இன்னும் ரப்பர் மீனோடு என் மடியில் ஏறி இருந்தாய். இந்த மீன் உனக்குப் பரிசு, கொண்டுபோகலாம் என்று பொடியன் முன்னமே சொல்லிவிட்டானாம்.

நஸீர் எங்கள் மேசைக்கு வந்தான். என் கணக்குப்படியே கையில் ஒரு பிளேன்டீ. அவனே கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். கதிரையில் இருக்காமல் நின்றான்.

"நீங்க அம்பா படிக்கிற காசீம் நானாட மகன்."

ஓம் என்றேன்.

"நானும் சின்னப் பொடியன் தானே, தம்பி, அப்ப. வாப்பா என்ன உரிச்சிப் போட்டீப்பாரு."

ஒங்கட வாப்பா ஒங்கள உரிச்சிருந்தா ஒரு கிழமையில ஆறியிருக்கும் என்று சொன்னேன். அவன் சண்டைக்குக் கேட்கிற மாதிரி இல்லாமல், உண்மையிலேயே அறிய விரும்புகிறவன் போலக் கேட்டான்.

"நீங்க கண்டீங்க தானே. ஏன் அப்ப சொல்லல்ல?"

முதல் தடவையாக இந்த உலகத்தில் ஒருவனுக்குத் தேங்க்யூ கூடச் சொல்ல முடியாமல் இருந்தேன். தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. அதுவும் ஆறியது. அந்த ஆறின தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்குத்தான் ஆறாயிரம் மைல் வந்தேனா என்று நினைத்தேன். ஆனால் நான் அவனை மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. அவன் கேட்ட கேள்விக்காக அவன் செய்தது குறையாது.

வெளியே வரும்போது மஜீது காக்கா சப்பாத்து வைக்கிற இடத்தில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்தேன். வேலை போய்விடுமா என்று கேட்டேன்.

"போனாப் போகுது. முப்பது வரிசம் வாயப் பொத்திக்கிட்டு ஈந்தன், அதுக்கு ஆரு சம்பளம் தந்த?" என்றார். பிறகு சிரித்தார். "ஒனக்கு மெட்டு ஒரு இடத்துல வழுகுது. ஒங்கட வாப்பா வழுக விட மாட்டாரு."

வாடகை வானில் திரும்பும்போது நீங்கள் அந்தப் பாட்டைத்தான் படித்துக்கொண்டு வந்தீர்கள், சொல் விளங்காமல். ஏலேலோ மட்டும் சரியாக வந்தது. உம்மா ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தா. அவ அழுதாவா, கோபமா, எனக்கு இன்னும் தெரியாது. பேர் சொல்லியிருக்கக் கூடாது என்று மட்டும் பாலாவியில் சொன்னா. சொல்லாமல் விட்ட முப்பது வருடத்துக்கு அது போதாது என்று நான் சொன்னேன்.

8

ஒரு மாதம் கழித்துச் சாச்சி போன் எடுத்தா. அந்தக் கள்ளன் நாடகத்தை நிறுத்திவிட்டார்களாம். அந்த நேரத்தில் இப்போது நெருப்பு விழுங்குகிற ஒருவன் வருகிறானாம். மஜீது காக்கா இன்னும் இழுக்கிறார். தில்லையடிக் கடைகளில் கொஞ்ச நாள் இதே கதையாக இருந்ததாம், காசீம் நானா களவெடுக்கவில்லையாம் என்று. அது எனக்குப் போதுமா என்று சாச்சி கேட்டா. போதாது என்றேன். சுவரில் இருக்கிற படத்தையும் கழற்றவேண்டும் என்றேன். அவ பேச்சை மாற்றிவிட்டா.

ஸஹ்லா, குடும்ப மரத்தில் அப்பாவின் பேருக்குக் கீழே உப்பளத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறாய். அதை வெட்டிவிட்டு, கரைவலையில் அம்பா படிக்கிறவர் என்று எழுது. ஆசிரியைக்கு விளங்காவிட்டால் இமாதின் வீடியோவைக் காட்டு. ஆனால் அது சந்தோஷப் பாட்டு இல்லை என்று நீயே சொல்லவேண்டும்.

நேற்று எனக்கு டிப்போவில் அரை நாள். நீங்கள் பள்ளிக்கூடத்தில், உம்மா வேலையில். நான் உன் அறைக்குப் போனேன். ரப்பர் பாரை உன் கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்கியது, அதே கயிற்றோடு. கீழே எடுத்து, ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கயிற்றின் முடிச்சு மஜீது காக்கா போட்டது. வலைகாரர் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். கத்தியை எடுத்து வெட்டியிருக்கலாம். வெட்ட மனம் வரவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு இரண்டு பெருவிரல் நகத்தாலும் அதை அவிழ்த்தேன். நேரம் எடுத்தது. ஒரு நகம் உடைந்தது.

மீன் உன் மேசையில் இருக்கிறது, மகள். அது உன்னுடையதுதான். கயிற்றைத் தேடாதே.